கடன் கிடைக்கும்... வாங்க ஆள் வேண்டாமா?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், நகரத்தை விட்டு வெளியேறும் முன்பே முதலியார்பேட்டை வந்துவிடும். இன்று அது நகரத்தோடு ஒட்டிப்போன பகுதி. ஆனால், அந்தச் சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், பாகூர் என்று வயலும் தோப்பும் மீனவர் குப்பங்களும் வரிசையாக வரும். நெல்லும் காய்கறியும் பாலும் மீனும் பட்டணத்துக்குள் போகும் தெற்கு வழி இதுதான்.

இந்த வழியில் பல தலைமுறைகளாக ஒரு பெரிய வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் பஞ்சாலை.

1898-ம் ஆண்டு தொடங்கிய ரோடியர் மில்தான் பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. மில் ஆனது. முதலியார்பேட்டையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பாரதி மில், சுதேசி மில் என்று மேலும் இரண்டு ஆலைகள் ஓடின. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுச்சேரித் துணி கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சங்கு ஊதியதும் உள்ளே போனார்கள்; மறுபடி ஊதியதும் வெளியே வந்தார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் உரிமைகளைச் சும்மா வாங்கிவிடவில்லை. 1936-ம் ஆண்டு ஜூலை 30-ம் தேதி, வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பிரெஞ்சுக் காவல் படை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வ.சுப்பையா போன்ற தலைவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1937-ல் 8 மணி நேர வேலை சட்டமானது. இன்றும் ஜூலை 30-ம் தேதி அங்கே தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது.

மில்லுக்குள் வேலை செய்தவருக்கு ஒரு சங்கம் இருந்தது. மில் வாசலில் இட்லி விற்றவருக்கும், தயிர்ப்பானை சுமந்து வந்தவருக்கும், கீரைக்கட்டு கொண்டுவந்தவருக்கும் அப்படி ஒன்று இல்லை. அன்றைக்கு அது தேவை என்று யாருக்கும் தோன்றியிருக்காது. ஏனென்றால், ஆலைச் சம்பளமே அவர்களுக்கு மூன்று விஷயங்களைக் கொடுத்துவந்தது. தினமும் வாங்குவதற்கு ஆள். எந்த நாளில் பணம் புழங்கும் என்ற நிச்சயம். சம்பள நாளில் பழைய பாக்கியைத் தீர்க்கக் கையில் காசு.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி கரையைக் கடந்த தானே புயல், ஏற்கெனவே நலிந்திருந்த ஏ.எஃப்.டி. மில்லைப் பலமாக அடித்தது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதியோடு அந்த ஆலை மூடப்பட்டது. மற்ற இரண்டு ஆலைகளும் பிழைக்கவில்லை. ஒரு பெரிய ஆலை மூடினால் வேலையிழந்தவர்கள் கணக்கு எங்காவது எழுதப்படும். இழப்பீடு பற்றிப் பேச்சு நடக்கும். ஆனால், அந்த ஆலையை நம்பி இருந்த டீக்கடையின் பாலும், இட்லிக்கடையின் அரிசியும், கூடைக்காரம்மாவின் கத்திரிக்காயும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பாதிப்பு மட்டும் கிராமம் வரை போய்ச் சேர்கிறது.

சிறு தொழிலைப் பற்றிப் பேசும்போது முதலியார்பேட்டையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சிறு தொழில் முதல் போட்டுத் தொடங்கப்படுவது உண்மைதான். ஆனால், அது உயிரோடு இருப்பது வாடிக்கையாளர் தொடர்ந்து வாங்குவதாலும், வாங்கியதற்கு உடனே காசு கொடுப்பதாலும்தான். அந்த இரண்டையும் ஓர் ஆலைச் சம்பளம் தானாகச் செய்துகொண்டிருந்தது. ஆலை இல்லாத ஊரில், அதை ஊர்க்காரர்கள்தான் கூடிப் பேசிச் செய்ய வேண்டும்.

முதல் கேள்வி எது?

கிராமத்தில் ஒருவர் தொழில் தொடங்க நினைத்தால், கேட்கும் முதல் கேள்வி 'எங்கே கடன் கிடைக்கும்?' என்பதுதான். மானியம் உண்டா என்பது இரண்டாவது கேள்வி. 'யார் வாங்குவார்கள், எப்போது காசு கொடுப்பார்கள்?' என்ற கேள்வி வருவது, முதல் மூட்டைச் சரக்கு வீட்டில் தங்கிப்போன பிறகுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 3,000 ரூபாய் செலவு. கடையில் போடும் சரக்குக்கு அன்றே காசு வந்தால், அந்த 3,000 ரூபாயே திரும்பத் திரும்பச் சுழலும். கடைக்காரர் 4 வாரம் கழித்துத்தான் தருவேன் என்றால், முதல் பணம் கைக்கு வரும் முன் 12,000 ரூபாய் வெளியே நின்றுவிடும். தொழில் அதே தொழில். உழைப்பும் அதே உழைப்பு. காசு தாமதமாவதால் மட்டுமே முதல் நான்கு மடங்காகிறது.

அந்த மீதி 9,000 ரூபாயை அவர் எங்கே தேடுவார்? தண்டல்காரரிடம்தான். 10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்க 1,500 ரூபாய்தான் வட்டி போலத் தெரியும். ஆனால், முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி 100 சதவிகிதத்தைத் தாண்டிவிடும். முறுக்கில் கிடைக்கும் லாபம் எந்த மூலைக்கு?

2010-ம் ஆண்டு ஆந்திராவில் நடந்தது எல்லோருக்கும் பாடம். ஒரே குடும்பத்துக்கு நாலைந்து நிதி நிறுவனங்கள் கடன் கொடுத்தன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று போய், வசூல் நெருக்கடியில் உயிர்கள் போன பிறகு, அந்த மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கடன் கொடுத்தவர்கள் ஏராளம். அந்தப் பெண்கள் செய்த பொருளை யார் வாங்குவார்கள் என்று யோசித்தவர்கள் குறைவு.

'பேட்டை' சொல்லும் பாடம்

ஊர் கூடித் தொழிலைத் தாங்குவது தமிழர்களுக்குப் புதிதல்ல. பேட்டை என்ற சொல்லுக்கே வணிகம் நடக்கும் இடம் என்ற பொருள் உண்டு. பழைய ராமநாதபுரம் சீமையில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் சமூக வணிகர்கள் பேட்டைகளைக் கட்டினார்கள். சரக்கையும் மாட்டு வண்டியையும் பத்திரமாக நிறுத்துவதற்கான பொது இடம் அது. அங்கே நடக்கும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று பொது நிதிக்குக் கொடுத்தார்கள். அந்த நிதியிலிருந்து கிணறும் பள்ளிக்கூடமும் வந்தன. விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா பள்ளி எழுந்தது. 1921-ம் ஆண்டு தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வந்தது பாதுகாப்பான இடம். பிறகு, ஒவ்வொரு விற்பனையிலிருந்தும் ஒரு கைப்பிடி பொது நிதி. அப்புறம் பிள்ளைகளுக்குப் படிப்பு. வங்கி வந்தது கடைசியில். இன்றைக்குப் பெரும்பாலான ஊர்களில் கடைசியில் வர வேண்டியதை முதலில் தேடுகிறார்கள்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்து இன்னொரு வகை. பல குடும்பங்கள் சேர்ந்து கறி விருந்து போடுவார்கள். வருகிறவர் மொய் எழுதுவார். நோட்டில் பதிவாகும். எழுதியவர் தம் முறை வரும்போது விருந்து வைப்பார். வாங்கியவர் பழைய மொய்யோடு கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுதுவார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையில் மொத்தமாகப் பணம் வரும். பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை. கடை வைத்தவர்கள், போர் போட்டவர்கள், வண்டி வாங்கியவர்கள் அதில் உண்டு. வந்த பணத்தை வீட்டுச் செலவில் கரைத்துவிட்டுத் திருப்பி எழுத முடியாமல் தவித்தவர்களும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு அந்த மொய்ப் பணமும் சுருங்கிப்போனது. எல்லோருடைய வருமானமும் ஒரே தோப்பிலிருந்து வந்தால், ஒரே காற்றில் எல்லாம் போய்விடும். முதலியார்பேட்டைக்கு ஆலை எப்படியோ, பேராவூரணிக்குத் தென்னை அப்படி.

இந்த இரண்டு ஏற்பாடுகளிலும் பலம் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஒரு வேலியும் இருந்தது. மகமை ஒரு சாதிக்குள்ளேயே நின்றது. மொய்யும் உறவு, பழக்கம் என்ற வட்டத்தைத் தாண்டிப் போவது குறைவு. வேலிக்கு வெளியே இருந்தவருக்கு அதில் இடமில்லை. இன்றைக்கு ஓர் ஊர் கூடித் தொழிலைத் தாங்க வேண்டும் என்றால், அந்த வேலியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

வில்லியனூர் பக்கம் நடந்த சோதனை

முதலியார்பேட்டைக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் அப்படி ஒரு முயற்சி நடந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் கீழூர், பிள்ளையார்குப்பம், சிவராந்தகம் ஆகிய கிராமங்களில் 'உயிர்க்கிராமம்' திட்டத்தைத் தொடங்கியது. நிலமில்லாத குடும்பங்களும் சிறு விவசாயிகளும் காளான், கறவை மாடு, கொட்டில் ஆடு, மீன் குட்டை, பூச்செடி, விதை உற்பத்தி என்று பயிருக்கு வெளியேயும் வருமானம் தேடுவது அதன் நோக்கம்.

இதில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு குணம் உண்டு. பால் இரண்டு வேளையும் வரும். அதை வாங்கச் சங்கம் இருக்கிறது. ஆட்டை விலை வரும்வரை நிறுத்திவைக்கலாம். காளான் அப்படியில்லை. காலையில் பறித்தது இரண்டு நாளில் விற்காவிட்டால் குப்பைக்குத்தான். ஆகவே, காளான் வளர்க்கக் கற்றுக்கொள்வது பாதி வேலை. தினமும் வாங்கும் வீடுகளையும் ஹோட்டல்களையும் பிடித்துவைப்பது மீதி வேலை. பயிற்சிச் சான்றிதழ் முதல் பாதிக்குத்தான் கிடைக்கும்.

1998-ல் அதே நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் திறந்தது. அன்றைக்குக் கணினி என்பதே கிராமத்துக்குப் புதுசு. சந்தை விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவத் தகவல் என்று ஊருக்குத் தேவையானவை அங்கே கிடைத்தன. அரியாங்குப்பத்தை ஒட்டிய வீராம்பட்டினத்தில் அலை உயரத் தகவல் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று மீனவர்கள் முடிவெடுக்க அது உதவியது. ஏம்பலத்தில் மையத்தைப் பெண்களே நடத்தினார்கள்.

அந்த மையங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. இடத்தை ஊர்தான் தர வேண்டும். தரும் இடத்துக்குள் எல்லாச் சாதியினரும் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்ட ஊருக்குத்தான் மையம். கணினிப் பெட்டியைவிட அந்த நிபந்தனை பெரியது. ஊர் தன் பங்கை முதலில் வைத்தது. வைத்த பங்கில் எல்லோருக்கும் உரிமை இருந்தது.

இன்றும் பல ஊர்களில் சுயஉதவிக்குழுப் பெண் போடும் ஊறுகாயையும், சுட்டு விற்கும் பணியாரத்தையும், அவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பட்டணத்துப் பாக்கெட்டில் வரும் ஊறுகாயை யார் கை போட்டது என்று யாரும் கேட்பதில்லை. 'நம் ஊர்ப் பொருளை நாமே வாங்குவோம்' என்று மேடையில் பேசுவது சுலபம். ஊர் என்ற சொல்லுக்குள் எத்தனை தெரு அடங்கும் என்பதில்தான் சோதனை இருக்கிறது.

வாங்குபவரைக் கட்டிவைத்த ஏற்பாடுகள்

வாடிக்கையை முன்கூட்டியே உறுதி செய்த ஏற்பாடுகள்தான் நீண்ட நாள் நின்றிருக்கின்றன. பால் கூட்டுறவுச் சங்கம் அதற்கு நல்ல உதாரணம். 1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் தொடங்கியது, பிறகு வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்ததும் அமுலாக வளர்ந்தது. ஒரு மாடு வைத்திருப்பவர் ஒரு லிட்டர் கொண்டுவந்தாலும் சங்கம் வாங்கும். கொழுப்பு அளவு பார்த்து விலை. புதுச்சேரியில் பாண்லேவும் அதே வழியில் வந்ததுதான். மாடு வாங்கக் கடன் கொடுத்தது மட்டுமே வெண்மைப் புரட்சி ஆகிவிடவில்லை. காலையும் மாலையும் பாலை வாங்க ஓர் ஆள் ஊருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அதுதான் புரட்சி.

1999-ம் ஆண்டு நவம்பர் 14-ம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. விவசாயிக்கு அடையாள அட்டை, கடைக்கு வாடகை கிடையாது, தராசு சந்தையிலேயே கிடைக்கும், விலைப் பலகையில் அன்றன்றைய விலை. மொத்த விலைக்கு மேல், சில்லறை விலைக்குக் கீழ் என்று நடுவில் விலை வைத்ததால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் லாபம். கீரை விற்றவர் மாலையில் காசோடு வீடு திரும்பினார். பாக்கி நோட்டு அங்கே கிடையாது.

ஜப்பானில் ஓயிட்டா மாகாணத்தில் ஓயாமா என்ற மலைக்கிராமம் இருக்கிறது. நெல்லுக்கு ஏற்ற நிலமில்லை. 1961-ல் ஊர் கூடி பிளம், செஸ்ட்நட் மரங்களை நடுவது என்று முடிவெடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் அந்த மாகாண ஆளுநர் ஹிராமட்சு 1979-ல் 'ஒரு கிராமம் ஒரு விளைபொருள்' இயக்கத்தைத் தொடங்கினார். ஓயாமா பழத்தை அப்படியே விற்பதோடு நிற்காமல் ஊறுகாய், பழச்சாறு என்று மாற்றி, தங்கள் சொந்த விற்பனை நிலையங்களில் வைத்தார்கள். அதே ஜப்பானில் 1970-களில் நகரத்துக் குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து, இன்ன விவசாயியின் விளைச்சலை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொள்ளும் 'தெய்கெய்' முறை வந்தது. விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் இரு தரப்பும் சேர்ந்து ஏற்றுக்கொண்டார்கள்.

100 குடும்பம் சேர்ந்தால்...

இதைப் பெரிய விஷயமாக நினைத்து மலைக்க வேண்டாம். ஒரு ஊரில் 100 குடும்பங்கள் இருக்கின்றன. குடும்பத்துக்கு மாதம் 2 லிட்டர் கடலை எண்ணெய் என்றால், மாதம் 200 லிட்டர். செக்கில் ஆட்டினால் பருப்பு எடையில் சுமார் 40 சதவிகிதம் எண்ணெய் வரும். 200 லிட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ பருப்பு வேண்டும். தோலோடு கணக்கிட்டால் 650 கிலோ காய். மானாவாரியில் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் நிலக்கடலையின் விளைச்சல் அது. ஆண்டுக்கு 12 ஏக்கர். கூடவே மாதம் 250 கிலோவுக்கு மேல் பிண்ணாக்கு. அது உள்ளூர் மாட்டுக்குப் போகும்.

100 குடும்பம் 'நாங்கள் வாங்குகிறோம்' என்று ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டால், ஒரு செக்கு வைத்தவர் பிழைப்பார். 12 ஏக்கர் கடலைக்கு வியாபாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடலை உடைப்பவர், எண்ணெய் ஊற்றி விநியோகிப்பவர், மாடு வைத்திருப்பவர் என்று இன்னும் சில அடுப்புகள் எரியும். புதிதாக எந்தச் செலவும் இல்லை. எண்ணெய்க்கு அந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருக்கும் காசுதான்.

இதற்கு ஊர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், ஊருக்குள் வாங்கப்படும் பொருள்களின் பட்டியல் எடுக்க வேண்டும். எண்ணெய், மாவு, முட்டை, பலசரக்குத் தூள், தையல், திருவிழாப் பந்தல், கல்யாணச் சாப்பாடு, பள்ளிச் சீருடை. ஒவ்வொன்றுக்கும் மாதம் எவ்வளவு காசு வெளியூர் போகிறது என்று தெரிந்தால், எந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறது என்பதும் தெரியும்.

இரண்டாவது, ஒரே தொழிலில் எல்லோரும் விழக் கூடாது. ஒருவர் மாவு மில் வைத்து நாலு காசு பார்த்தால், அடுத்த ஆண்டு அதே தெருவில் இன்னொரு மில் வந்துவிடும். இரண்டும் சேர்ந்து மூடப்படும். மில் இருக்கிறது என்றால், அடுத்தவர் அதில் அரைத்த மாவை வாங்கிப் பலகாரம் செய்யலாம். ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்கு வாடிக்கையாளர் ஆக வேண்டும்.

மூன்றாவது, கடன் சொல்லும் பழக்கம். உள்ளூர்க் கடை நொடிப்பதற்குப் பெரிய காரணம் போட்டியோ பெரிய கம்பெனியோ மட்டும் அல்ல. பாக்கி நோட்டுதான். பட்டணத்து சூப்பர் மார்க்கெட்டில் காசை எண்ணி வைத்துவிட்டு வருகிறவர், பக்கத்து வீட்டு அண்ணியிடம் 'அப்புறம் தரேன்' என்பார். கேட்டால் மனஸ்தாபம், கேட்காவிட்டால் நஷ்டம். உள்ளூர்த் தொழிலுக்கு ஒருவர் செய்யக்கூடிய பெரிய உதவி, வாங்கிய அன்றே காசு கொடுப்பது. கையில் இல்லையென்றால் தேதி சொல்லி, அந்தத் தேதியில் கொடுப்பது. அறுவடைக்குப் பிறகுதான் காசு வரும் என்ற குடும்பங்களுக்கு, சுயஉதவிக்குழு நிதியிலிருந்து கடைக்காரருக்கு உடனே கொடுத்துவிட்டு, அந்தக் குடும்பத்திடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வைத்துச் சோதனையாகத் தொடங்கிய குழு-வங்கி இணைப்பு இன்று கிராமம்தோறும் இருக்கிறது. குழுவின் உள்கடனை இந்த வேலைக்கும் பயன்படுத்தினால், தண்டல்காரருக்கு வேலை இருக்காது.

நான்காவது, குறையை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். எண்ணெயில் கசடு இருந்தால், முறுக்கு சிக்கு வாடை அடித்தால், பெரும்பாலானவர்கள் வாய் திறப்பதில்லை. அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். தொழில் செய்பவருக்கு என்ன தவறு என்றே தெரியாது. ஊர்ப் பொருள் என்பதற்காகக் குறையைப் பொறுத்துக்கொண்டு வாங்கவும் தேவையில்லை. இன்னது சரியில்லை, திருத்து, அடுத்த மாதமும் வாங்குகிறேன் என்று சொல்வதுதான் ஆதரவு. தொழில் செய்பவர் பங்கும் இதில் உண்டு. அளவு குறையக் கூடாது. தேதி தவறக் கூடாது. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்துவிட வேண்டும். அத்தை மகள் என்பதற்காக ஒருமுறை வாங்குவார்கள். இரண்டாம் முறை வாங்குவது பொருள் நன்றாக இருந்தால்தான்.

ஐந்தாவது, ஒரே வாங்குபவரை நம்பி நிற்கக் கூடாது. ஒரு ஹோட்டல், ஒரு பள்ளி விடுதி, ஒரு ஆலை என்று மொத்தமாக வாங்குபவர் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால், உற்பத்தி முழுவதையும் அங்கே கொட்டிவிடாமல், ஒரு பகுதியை வீடு வீடாக வாங்குபவர்களுக்கு என்று எப்போதும் ஒதுக்கிவைக்க வேண்டும்.

இவ்வளவும் நடந்த பிறகு கடனும் மானியமும் தேடலாம். அப்போது அவை உதவும். 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில், திட்டச் செலவில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று வைத்தார்கள். உணவு பதப்படுத்தும் சுயஉதவிக்குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் வைத்தார்கள். இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிக்குப் போகும்போது, 'மாதம் 200 லிட்டர் வாங்க 100 குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கிறது' என்ற நோட்டையும் கொண்டுபோனால், மேலாளரின் பேச்சே மாறும். மானியத்துக்காகத் தொடங்கிய தொழில், மானியம் வந்ததும் நின்றுபோவதை எல்லா ஊரும் பார்த்திருக்கிறது. வாங்க ஆளை வைத்துக்கொண்டு தொடங்கியது அவ்வளவு சீக்கிரம் நிற்காது.

1936-ல் புதுச்சேரித் தொழிலாளர்கள் சேர்ந்து நின்றதால் 8 மணி நேர வேலையைப் பெற்றார்கள். தனித்தனியாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. கிராமத்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்ணும், செக்கு ஓட்டுபவரும், நாலு மாடு வைத்திருப்பவரும் இன்று தனித்தனியாகத்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு முதலாளி இல்லை. எதிர்த்துப் போராட ஆளும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்படும் சங்கம், அவர்களிடம் வாங்குபவர்களின் சங்கம். அடுத்த குழுக் கூட்டத்திலோ கிராம சபையிலோ ஒரு நோட்டை எடுத்து, 'மாதம் இன்ன பொருள் இவ்வளவு, காசு அன்றே' என்று முதல் கையெழுத்தைப் போட ஒரு குடும்பம் முன்வந்தால் போதும். இரண்டாவது கையெழுத்துக்கு அதிக நாள் ஆகாது.